நைனா வைத்த குழம்பு

இன்று மாலை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவில் கருவாட்டுக் குழம்பு மணந்தது. ஆரம்பாக்கத்தில் நான் ஆறாவது படித்த வருடம் நினைவுக்கு வந்தது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அம்மா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அதன்பிறகு நைனாதான் சமைத்தார், கதவைத் தாழிட்டுக்கொண்டு. யார் கேட்டாலும் அம்மா செய்துவைத்துவிட்டுப் போனதாகச் சொல்லவேண்டும் என்று எனக்கு உத்தரவு.

ஒருநாள் பக்கத்து வீட்டு மல்லிகா அத்தை கிண்ணத்தோடு புளி கேட்டு வந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

"வாசன தூக்குதே. யாருடி செஞ்சது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நைனாதான்" என்றேன்.

கரண்டியோடு நின்ற நைனா தலையைக் குனிந்துகொண்டார். தெருவே சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அத்தை கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் ஊத்துண்ணா. எங்கூட்டுக்காரரு சுடுதண்ணி கூட வெக்க மாட்டாரு. நீ இன்னாத்துக்கு கதவ சாத்திக்கினு வேவுற?"

நைனா மெல்லச் சிரித்தார். மறுநாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து, போகிறவர்களோடு பேசிக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

இன்று வீட்டுக்கு வந்ததும் நைனாவுக்குப் போன் செய்தேன்.

"உங்கம்மா வர்ற நேரம், சோறு வடிச்சிக்கினு இருக்கேன். அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டார்.