மாத்திரை எண்ணும் அண்ணி

எங்கள் அண்ணி யாரையும் திட்ட மாட்டார். திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை. முகம் தொங்கிவிடும். அண்ணன் கேஸை அணைக்க மறந்தாலும் சரி, நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் சரி, ஒரு வார்த்தை வராது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நாங்களே ஓடிப்போய்ச் சரிசெய்வோம்.

பார்மசி கல்லூரியில் அவர் டீச்சர். கடையில் மருந்து வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் அதை என்னதான் செய்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. "வாங்குனா முழுங்குவாங்க. இதுல ஆராய்ச்சி என்ன அண்ணி?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். "போன மாசம் உனக்குக் காய்ச்சல்னு வாங்குனோமே, அந்த மாத்திரை எங்க?" என்றார். அது என் பேன்ட் பையிலேயே இருந்து, துணியோடு சேர்ந்து துவைபட்டுப் போயிருந்தது.

அண்ணிக்கு வண்டி ஓட்ட வராது. நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது, அதாவது பகலிலும் தூங்கிக்கொண்டிருந்த காலம். அதனால் ஸ்கூட்டரும் நானும் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். சர்க்கரை நோய்க்காரர்களின் வீடுகளுக்கு மாதத்துக்கு ஒரு தடவை போவோம். மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, தட்டில் கொட்டி எண்ணுவார் அண்ணி. இருக்க வேண்டியது மட்டும் இருந்தால் ஆள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கூடுதலாக இருந்தால் இடையில் விட்டிருக்கிறார்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று 'ஸ்டாக்கு' ஐயாவின் வீடு. ஆணி, போல்ட், நட்டு விற்கும் கம்பெனியில் காலமெல்லாம் கிடங்கைப் பார்த்துக்கொண்ட மனிதர். ஓய்வு பெற்றும் பட்டப்பெயர் விடவில்லை. "இவரு தூங்குறதுக்கு முன்னால கரண்டியக்கூட எண்ணிட்டுத்தான் படுப்பாரு" என்று அவர் மனைவி எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அண்ணி வருகிற நாளில் ஐயா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார். அவரைப் பொறுத்தவரை இருப்புப் பார்க்க மேலதிகாரி வந்திருக்கிறார்.

முந்தின மாதம் அவர் டப்பாவில் மாத்திரை கூடுதலாகக் கிடந்தது. அண்ணி எண்ணினார், எழுதிக்கொண்டார், முகம் தொங்கியது. அவ்வளவுதான். ஐயா எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பக்கூட இல்லை.

இந்த மாதம் போனபோது டப்பா மேசைமேல் தயாராக இருந்தது. அண்ணி எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூட அதிகமில்லை, ஒன்றுகூடக் குறைவில்லை. "பிரமாதம் ஐயா!" என்றார். எனக்கே பெருமையாக இருந்தது. ஐயா சிரித்தார். சிரித்த வாய் கொஞ்சம் கோணினாற்போல் இருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. விரல்கள் நடுங்கின. என்ன செய்யுது என்று அண்ணி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் கிடங்குச் சாவியைப் பற்றியதாக இருந்தது. அண்ணி சட்டென்று அவர் விரலைக் குத்தி, கையோடு வைத்திருந்த சின்ன மெஷினில் சர்க்கரை பார்த்தார். அளவு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. "அம்மா, சர்க்கரை! தண்ணியில போட்டுக் கொண்டாங்க, ஓடுங்க!"

குடித்த கொஞ்ச நேரத்தில் ஐயா தெளிந்தார். "காலையில சாப்பிடாம இருந்தா இப்படித்தான்" என்று மனைவி அவரை ஒரு பிடி பிடித்தார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அண்ணி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார். ஒரு காலில் செருப்பை மாட்டினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கணக்கு எப்படிடா இவ்வளவு சரியா இருக்கும்?" என்றார் என்னிடம். "போன மாசத்து மிச்சம் எங்க போச்சு?"

ஒற்றைச் செருப்போடு உள்ளே போனார்.

"ஐயா, மிச்சம் இருந்த மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல்.

ஐயாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தூக்கிப் போடுறதா? நல்ல சரக்க வீணாக்குற பழக்கம் என்கிட்ட கிடையாது டீச்சர்."

தூக்கிப் போடவில்லை, டப்பாவிலும் இல்லை என்றால் அவ்வளவும் எங்கே இருக்கிறது என்று எனக்கே புரிந்துவிட்டது. விடிந்ததும் டீயோடு சேர்த்து மொத்தத்தையும் முழுங்கியிருக்கிறார் மனிதர். கணக்கை நேர்செய்திருக்கிறார்!

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார் அண்ணி.

"அதான் நல்லா ஆயிட்டாரே டீச்சரம்மா, எதுக்கு வீண் அலைச்சல்?" என்றார் மனைவி.

"நல்லா ஆகலம்மா! நாம குடுத்த சர்க்கரை இப்பத் தீர்ந்துடும். உள்ள போன மாத்திரை இன்னும் ரொம்ப நேரம் வேலை செய்யும். மறுபடி விழுவாரு, எந்திரிக்க மாட்டாரு!" அண்ணி கத்தினார். அந்தக் குரலை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் ஐயாவின் தலை அண்ணி தோளில் சாய்ந்தது. கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. மனைவி பாட்டிலில் கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரை அவர் வாயருகே கொண்டுபோனார். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நினைவில்லாதவருக்கு ஊத்தக் கூடாதும்மா, மூச்சுக்குழாயில போயிடும்."

"கொஞ்சமாவது ஊத்துங்க டீச்சரம்மா, கும்பிடுறேன்!"

"முடியாதும்மா."

முன்னால் ஒரு லாரி வழியை அடைத்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து வந்தது. ஆட்டோ டிரைவர் ஹாரனை அமுக்கியபடியே இருந்தார். அந்த அம்மா ஒரு பக்கம் அழ, அண்ணி ஐயாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தார். ஆராய்ச்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், இந்த மனுஷன் பிழைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

பிழைத்தார். நரம்பில் குளுகோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏற ஏற மறுபடி இறங்கியது, மறுபடி ஏற்றினார்கள். மறுநாள் நாங்கள் வார்டுக்குப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, நேத்து நடந்தத விடுங்க. அதுக்கு முன்னால ஏன் அந்த மாத்திரையெல்லாம் போடாம விட்டீங்க? மறந்துட்டீங்களா?"

"மறக்கிறதா?" என்றார் ஐயா. "இவ பொண்ணு வீட்டுக்குப் போனா நம்ம வீட்டுல அடுப்பு எரியாது. பல நாள் வெறும் டீதான். சாப்பிடாத வேளைக்கு இந்த மாத்திரையப் போடவே கூடாதுன்னு முதல் நாள் நீங்கதானே சொன்னீங்க? அதான் போடல."

அண்ணி சொன்னபடிதான் கேட்டிருக்கிறார் மனிதர். மிச்சம் கிடந்த ஒவ்வொரு மாத்திரையும் சரியாக விட்ட மாத்திரை. ஏன் மிச்சம் என்று போன மாதமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அண்ணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

ஐயா பதறிப்போனார். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி அண்ணியைச் சமாதானப்படுத்தினார். "ஐயோ, அழாதீங்க டீச்சர். அடுத்த மாசம் வந்து பாருங்க. ஒண்ணுகூட மிச்சமில்லாம கணக்க நேரா வச்சிருக்கேன்."

அண்ணி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மிச்சம் வைங்க ஐயா" என்றார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மிச்சம் வைங்க."