இரண்டு டம்ளர் கோதுமை பீர்

என் மனைவி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பீர் குடித்தாள். அதுவும் ஜெர்மன் பீர். பட்டப்பகலில், எங்கள் வீட்டு அடுப்படியில், என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் குடித்தாள். கேட்டதும் அவள்தான், ஊற்றியதும் அவள்தான்.

அப்போது நான் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். அரியலூரில் வாடகை வீடு. அவளுக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கொஞ்சம் முந்திரிக்காடு உண்டு. அவள் அப்பா சாராயத்தால் போய்ச் சேர்ந்தவர். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டாள், "நீங்க குடிப்பீங்களா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். "சிநேகிதக்காரங்களோட ரெண்டு தடவை பீர் குடிச்சிருக்கேன். இனிமே மாட்டேன்" என்றேன். சொன்னபடியே இருந்தேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துதான் அவள் உண்டானாள். அந்தச் சமயத்தில் ஆலையில் ஒரு பெரிய வேலை வந்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற உருளை உலையைச் சுற்றவைக்கும் பல்சக்கரத்தை மாற்றினார்கள். அதற்கென்று ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆறு வாரம் நான் அவருக்குக் கையாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்த்தாலே முப்பது நாப்பது வார்த்தைதான் தேறும். ஆனாலும் வேலை சுத்தமாக முடிந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியிலிருந்து இரண்டு பீர் டின்னை எடுத்து என்னிடம் நீட்டினார். "சீப், சீப்" என்று சிரித்தார். அவர் ஊர்க் கடையில் தண்ணீரைவிட மலிவு என்று கையைக் காட்டிப் புரியவைத்தார். கோதுமையில் செய்தது என்றார். ஊற்றும்போது அடியில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும், பிறகு டின்னைச் சுழற்றி வண்டலோடு ஊற்ற வேண்டும் என்று சுழற்றியும் காட்டினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கோதுமை என்றால் எங்களுக்கு ரேஷன் கடையில் வண்டு விழுந்து கிடப்பது, சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சப்பாத்தி போடுவது. அதில் போய் பீரா என்று இருந்தது.

ஒரு டின்னைக் கூட வேலை பார்த்த கிரேன் ஆபரேட்டருக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வந்து சண்டைக்கு நின்றான். "என்னண்ணே, ஊசிப்போனதக் குடுத்துட்டீங்க! கலங்கலா இருக்கு, வாழைப்பழ நாத்தம் வேற. பாதிய வாய்க்கால்ல ஊத்திட்டேன்."

இன்னொன்றை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆறு வாரம் கூட நின்ற மனுஷன் கையால் கொடுத்ததைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன். நாலு மாசம் ஆகியிருந்தது அவளுக்கு. முகத்தில் ஒரு மெருகு ஏறியிருந்த காலம். சண்டை போடவில்லை. "என் கண்ணுல படாம வையுங்க" என்றாள், அவ்வளவுதான். பரணில் பித்தளைப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

எட்டாம் மாசம் ஒரு காலையில் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, நேத்துலேர்ந்து அசைவே இல்லைங்க."

அவளை வழக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா பெரம்பலூரில் இருந்தார். கார் பிடித்து ஓடினோம். கருவியை வயிற்றில் வைத்து வெகுநேரம் தேடிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வலி எடுக்காததால் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை.

நர்ஸ் அதைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற என் மாமியார் துண்டை இழுத்து அதன் முகத்தை மூடினார்.

"மாப்ள, அவ இதப் பாக்கக் கூடாது. பாத்தா பைத்தியமாயிடுவா. கொறையாப் பொறந்துச்சு, உருவம் சரியா வரலன்னு சொல்லிடுங்க. அப்பதான் மனசு ஆறும்."

"அத்த, கொழந்தைக்கு ஒரு கொறையும் இல்லியே."

"அதனாலதான் சொல்றேன்."

எனக்கு அப்போது யோசிக்கத் தெரியவில்லை. சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள். அதே காரில் மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் வந்தேன். சுடுகாட்டு ஓரமாகக் கருவேல மரங்களுக்கு நடுவில் வெட்டியான் குழி தோண்டினார். வைக்கும் முன் துண்டை விலக்கி ஒரு தடவை பார்த்தேன். திரும்பப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மயக்கம் தெளிந்திருந்தது.

"என்ன கொழந்த?"

"பொண்ணு."

"எங்க?"

மாமியார் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "மூஞ்சியாவது இருந்துச்சா?"

"சரியா இல்ல" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனசு ஆறும் என்று மாமியார் சொன்னது நடக்கவில்லை. தன் உடம்பில் என்னவோ கோளாறு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "கிரகணத்தன்னைக்கு வாசலுக்குப் போனேன்ல, அதான்" என்பாள். இன்னொரு நாள், "மூணாம் மாசம் பப்பாளி தின்னேன்ல, அதான்" என்பாள். வளைகாப்புக்குக் கூப்பிட்டால் போகமாட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றோடு தெருவில் வந்தால், தன் பார்வை படக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்குப் பின்னால் அவள் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லமாட்டேன். நேற்றே சொல்லாததை இன்றைக்கு எப்படிச் சொல்வது? ஒன்றரை வருஷம் அப்படியே போனது.

பிறகு, இன்னொரு குழந்தை பெறலாமா என்று கேட்க, திருச்சியில் ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். பழைய சீட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"இனிமே வேணாங்கறாங்க. உசுருக்கே ஆபத்தாம்."

பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் செய்திக்காகத்தான் அப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சோறு வடித்து இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அந்த டின்னு இருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த டின்னு?"

"வெள்ளக்காரர் குடுத்தது."

ஏறி எடுத்தேன். இரண்டு கோடையாகப் பரணில் வெந்திருந்தது. வளையத்தை இழுத்ததும் நுரை பீய்ச்சிக்கொண்டு தரையெல்லாம் வழிந்தது. அவள் பதறாமல் கரித்துணியால் துடைத்தாள். இரண்டு டம்ளரைக் கழுவி வைத்து என்னிடமிருந்து டின்னை வாங்கி ஊற்றினாள். பழக்கமில்லாததால் பாதி டம்ளர் நுரையாகவே நின்றது. அது அடங்கக் காத்திருந்தோம். அடியில் கிடந்ததைச் சுழற்றி நான் இரண்டிலும் சமமாக விட்டேன். கஞ்சித்தண்ணியில் மஞ்சள் கலந்த மாதிரி ஒரு நிறம்.

டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "வாழப்பழம் போடுவாங்களா இதுல?"

"தெரியலம்மா."

அந்தக் கிரேன்காரன் சொன்னது பொய்யில்லை. கனிந்து தோல் கறுத்த பூவன்பழத்தின் வாசனை. அதற்கு அடியில் பல்வலிக்குக் கடித்துக்கொள்ளும் கிராம்பின் வாசனை. நான் முன்பு குடித்த பீரின் கசப்பு இதில் இல்லை. வாயில் கொழகொழவென்று இறங்கியது. தொண்டையில் பழைய நீராகாரத்தின் புளிப்பு லேசாக நின்றது. கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி. அது வெயிலில் கிடந்ததால் வந்ததோ, மலிவு பீர் என்பதால் வந்ததோ, தெரியவில்லை. அவள் ஒரு வாய் குடித்து முழுங்கினாள். இன்னொரு வாய் குடித்தாள். முகம் மாறவே இல்லை.

"இதுக்கா எங்கப்பா அந்த அடி அடிச்சாரு எங்கம்மாவ" என்றாள்.

"இது வேற, அது வேற."

"நீங்க குடிங்க. முழுசாக் குடிங்க."

குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா குடிக்காதப்ப ஒரு உண்மை பேசமாட்டாரு. உள்ள போச்சுன்னா ஒண்ணு விடாம எல்லாத்தயும் சொல்லிடுவாரு. அதுக்குத்தான் குடிக்கச் சொன்னேன். நேத்து டாக்டரம்மா பழைய சீட்டப் படிச்சுட்டு, கொழந்தைக்குக் கொறைன்னு ஒண்ணுமே எழுதலியேம்மாங்கறாங்க. இப்பச் சொல்லுங்க. என்ன கொற அதுக்கு?"

போதை என்று ஒன்றும் எனக்கு ஏறியிருக்கவில்லை. ஆனால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"ஒரு கொறையும் இல்ல."

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். முடி இருந்துச்சா? நெறைய இருந்துச்சு, நெத்தி வரைக்கும். நகம்? இருந்துச்சு. கண்ணு? மூடியிருந்துச்சு. யாரு சாடை? உன் சாடைதான், உன் மூக்கு, இடது காது மடல் உன்னுது மாதிரியே மடிஞ்சிருந்துச்சு. சொல்லச் சொல்ல அவள் கை தன் காதுக்குப் போனது. தூங்குற மாதிரி இருந்துச்சா? ஆமாம்.

 அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"நான் தூக்கியிருப்பேன்ல" என்றாள். "ஒரு தடவ தூக்கிப் பாத்துருப்பேன்ல. ஒன்றர வருசமா என் வயித்த நானே கரிச்சுக் கொட்டிட்டு இருந்தேனே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? யாரு சொன்னா உங்களுக்கு இப்படிச் சொல்லச் சொல்லி?"

மாமியார் முகம் ஞாபகத்தில் வந்தது. அவளுக்கு என்னை விட்டால் அந்த ஒரு அம்மாதான்.

"யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

மிச்சமிருந்த பீரைச் சாக்கடையில் ஊற்றினாள். இரண்டு டம்ளரையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, நாலு புடவையைப் பையில் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பத்து நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நான் போவேன். கோபமாக எல்லாம் பேசமாட்டாள். சாப்பாடு போடுவாள், ஆலைத் தூசியில் எனக்கு வந்த இருமல் எப்படி இருக்கு என்று கேட்பாள். அதற்குமேல் பேச்சு நீளாது. ஒருநாள் கிணற்றடியில் மாமியார் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிடட்டுமா மாப்ள? நெஞ்ச அடைக்குது."

"வேணாம் அத்த. அப்புறம் அவ எங்க போவா?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்படியே மூன்று வருஷம் ஆனது. அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாக்கப் போகிறார்கள் என்று பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம், அவளே ஒருநாள் என்னிடம் கேட்டாள். "பொதைச்ச எடத்தக் காட்டுறீங்களா?"

கூட்டிக்கொண்டு போனேன். சுடுகாட்டை அடையாளமே தெரியவில்லை. கருவேல மரங்களை வேரோடு பிடுங்கி மண்ணை நிரவிவிட்டிருந்தார்கள். குழி தோண்டிய வெட்டியானும் இறந்துபோயிருந்தார். நான் சுவர் ஓரத்திலிருந்து எட்டு வைத்து அளந்து பார்த்தேன். இங்கே என்று தோன்றியது. இரண்டு அடி தள்ளி நின்றால் அங்கேயும் அப்படித்தான் தோன்றியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு முழம் பூவோடு காத்துக்கொண்டு நின்றாள்.

இன்னொரு தடவை அவளிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "எந்த எடம்னு தெரியல" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதா நீங்க?"

பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுவரை முன்னும் பின்னுமாக நடந்து வந்தோம். அவள் ஊர்ப் பக்கம் போகிற ஜெயங்கொண்டம் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது.