பெங்களூருக்கும் சிங்கவரத்துக்கும் நடுவில்

பேய், பில்லி சூனியம் எதையும் நான் நம்பியவன் இல்லை, பிள்ளைகளே. அமாவாசைக்கு மேல்மலையனூரில் கூட்டமே சாமியாடினாலும் பொரி தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தவன்தான். அப்பா கதை விடுகிறார் என்று நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

சிங்கவரத்தில் நமக்கும் பக்கத்து நிலத்து முனுசாமிக்கும் ஒரே கிணறு. ஒருநாள் நம் முறை, மறுநாள் அவர் முறை. அவரவர் முறையில் கரண்ட் போனால் அந்தத் தண்ணீர் போனதுதான், அடுத்தவர் முறையில் கைவைக்கக் கூடாது. முனுசாமியோ கரண்ட் போனதையெல்லாம் நம் முறையில் ஈடுகட்ட ஆரம்பித்தார். நம் வேர்க்கடலை வாடியது.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஏழுமலையிடம், அதாவது உங்கள் பெரியப்பாவிடம், சொன்னேன். தானே வந்து பேசுவதாகச் சொன்னார். திருவண்ணாமலை வழியாகப் பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரத்தில் செஞ்சி, அங்கிருந்து நம் ஊர் பக்கம்தான். அவருக்கோ பிளேன் ஆசை.

"ஒரே மணி நேரம்டா மெட்ராஸ்" என்றார் போனில், பிளேனில் உட்கார்ந்தபடியே.

"அங்க எறங்கி திண்டிவனம் சுத்தி வர மூணு மணி நேரம் ஆவுமேண்ணா. பிளேன் இன்னா நம்ம கொல்லையிலயா எறங்கும்?"

"எறங்கும் போடா. போனை அணைக்கச் சொல்றாங்க. நான் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் போவாத."

போனை வைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், கிணற்றடியில் மோட்டார் சத்தம் கேட்டது. அன்றைக்கு நம் முறை. பட்டப்பகல். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன், அவ்வளவுதான், முனுசாமி மண்வெட்டிக் காம்பால் என் முட்டியில் போட்டார், விழுந்தேன், வாயில் உதைத்தார், பல்லும் ரத்தமும் மண்ணுமாக வந்தது. கழுத்தை மிதித்துக்கொண்டு கடப்பாரையைத் தூக்கினார். செத்தேன் என்று கண்ணை மூடினேன்.

பச்சைக் கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் அண்ணன், வெள்ளைச் சட்டையில். முனுசாமியின் மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அண்ணன் அவர் தலைமுடியைப் பிடித்து வாய்க்கால் தண்ணீரில் முகத்தை அமுக்கினார். கால்கள் உதறின. "விடுண்ணா! செத்துடுவான், விடுண்ணா!" என்று கத்தினேன். விடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், யாரோ போல. கண்ணில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அண்ணன் இல்லை. முனுசாமி சேற்றில் கிடந்து இருமினார்.

எங்கள் இரண்டு பேரையும் செஞ்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏழுமலை கொல்ல வந்தான் என்று முனுசாமி அங்கிருந்தே போலீசில் புகார் கொடுத்தார். சாயங்காலம் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த அண்ணனை இன்ஸ்பெக்டர் அங்கேயே பிடித்துக்கொண்டார். பிளேன் டிக்கெட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்யா முனுசாமி, நீ சொல்ற நேரத்துல இந்தாளு ஆகாயத்துல இருந்திருக்கான்யா. குதிச்சு வந்தானா இன்னா?"

"கையை ஒடிச்சவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா சார்?" என்று முனுசாமி அழுதார். அண்ணனை விட்டுவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிளேன் கிளம்பியதும் தூங்கிவிட்டாராம். விழித்தபோது முழங்கை வரை சட்டை நனைந்திருந்ததாம்.

"யாரோ விடுண்ணா, விடுண்ணான்னு கத்தினாங்கடா. எனக்குத்தான் விட மனசே வரல."

அதற்குப் பிறகு அவர் பிளேன் ஏறவில்லை, பஸ்தான். பஸ்ஸில் கண் சொக்கினாலும் உடனே எனக்கு போன் வரும்.

"பேசிக்கினே இருடா. என்னைத் தூங்க வுடாத."