குப்பைக்குப் போன பற்கவசம்

தொண்ணூறுகளில், லண்டனுக்குப் புதிதாக வந்து, ஹோட்டல் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். சுற்றுப்பயணம் வந்த ஒரு பசிபிக் தீவின் தேசிய ரக்பி அணி அங்கே தங்கியிருந்தது. போட்டி நாளன்று காலை, ஒரு வீரரின் குளியலறையில் கிடந்த ரப்பர் துண்டைக் குப்பையில் போட்டேன். விளையாடும்போது அவர் பற்களைக் காக்கும் கவசம் அது என்று, அவர் தேடத் தொடங்கியபோதுதான் விளங்கியது.

“பேசாமல் இரு. தெரிஞ்சால் வேலை போயிடும்,” என்றார் உடன் வேலைசெய்த சாந்தி அக்கா.

“ஏலாதக்கா. அந்தாளின்ரை பல்லு உடைஞ்சிடும்,” என்று சொல்லிவிட்டு, அந்த வீரரிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்போடு என் பக்கத்தில் முழங்காலிட்டு குப்பைப் பைகளைக் கிளறினார். மூன்றாவது பையில் அது கிடைத்தது. மேற்பார்வையாளர் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, “நான்தான் தவறவிட்டேன்,” என்றார் அந்த வீரர்.

அவர்கள் வென்றார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால், லண்டனுக்கு வந்தபின் நான் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.