அம்மாவின் கண்ணுக்காக அப்பா வெட்டிய குழி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களில் பாதிப் பேர் அவருடைய சாணிக்குழியைப் பார்த்துச் சிரித்தவர்கள்தாம். மகள் என்ற உரிமையில் அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஏர் பிடித்துத் தங்கைகளைக் கரையேற்றினார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அம்மாவுக்கு அடுப்புப் புகையால் கண் சிவந்து எந்நேரமும் நீர் வடிந்தது. புகையில் இருந்தால் பார்வை போய்விடும் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையில், சாணம் புளித்துக் கிளம்பும் வாயுவில் அடுப்பு எரிவதைப் பார்த்து வந்தார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, இரும்புத் தொட்டியைக் கவிழ்த்து, அடுப்படிக்குக் குழாய் இழுத்தார். சாணத்தோடு வைக்கோலையும் அப்படியே போட்டார். அது மேலே மிதந்து மூடிபோல் அடைத்துக்கொண்டது; வாயு வரவில்லை. பிறகு வைக்கோலை நறுக்கி, குழியின் பழைய கரைசலிலேயே ஊறவைத்து, நைந்த பின் போட்டார். அடுப்பில் நீலமாகத் தீ பிடித்தது. துளிப் புகை இல்லை.

அதைக் கண்டு மிரண்டவர் அம்மாதான். கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரார் சொன்னதை நம்பி, அப்பா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, மாரியம்மன் நோம்பிக்குக் கட்டிய வேப்பிலை முழுவதையும் குழியில் திணித்துவிட்டார். வாயு நின்றது. அம்மா மறுபடியும் புகையில் உட்கார்ந்தார்.

அப்பா கோபிக்கவில்லை. வாளி வாளியாக இறைத்து வெளியே கொட்டினார்.

"அது பேயில்ல புள்ளே, ஒரு வயிறு. பல்லுத்தான் இல்ல. நாமதான் மென்னு ஊட்டோணும். கசப்பப் போட்டா அது என்ன பண்ணும்?"

"பயந்துட்டேனுங்க" என்று அம்மா அழுதார். மறுநாள் முதல் வைக்கோல் நறுக்கியவர் அம்மாவே. மெல்லக் கண் தெளிந்தது. பார்வை நிலைத்தது.

கடைசிக் காய்ச்சலிலும் அப்பா யார் சொல்லியும் கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு தொட்டி வைக்கோலை ஊறப் போட்டுவிட்டு வந்து படுத்தார். மறுநாள் போய்விட்டார்.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் சோறு கொண்டுவந்த மாமன் மச்சான் வீட்டாருக்கும் கைகூப்புகிறோம். சிரித்தவர்களும் அன்று வந்து எங்களோடு அழுதீர்கள். அதையும் மறக்கவில்லை.

அப்பா ஊறப் போட்ட வைக்கோலை நான்தான் குழியில் கரைத்து ஊற்றினேன். காரியம் முடிந்து, அந்தத் தீயில் அம்மா பால் காய்ச்ச உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாய்விட்டு அழுதார். அந்த அடுப்பு அம்மாவை அழ வைத்தது அன்று ஒரு நாள்தான்.