வெற்றிலை மாற்றி எடுத்த ஆட்டக்காரி

அணி அலுவலகத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. டிராஃப்டுக்கு முன்பே ஆளை ரகசியமாகப் பேசி முடித்துவிடுவார்களாமே, உண்மையா என்று. உண்மைதான். பெண்கள் கூடைப்பந்து லீக்கில் மதுரை அணிக்கு மேனேஜராக இருக்கும் இத்தனை வருஷத்தில் அப்படிப்பட்ட பேச்சுகள் பலவற்றில் நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஈஸ்வரி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மற்றவை சொல்லும்படியாக இருக்காது.

1. வாக்கு

டிராஃப்ட் என்பது, சீட்டுக் குலுக்கிய வரிசைப்படி ஒவ்வொரு அணியாக எழுந்து ஒரு புது ஆட்டக்காரியின் பெயரைச் சொல்லி எடுப்பது. ஒருவர் எடுத்த ஆளை அடுத்தவர் எடுக்க முடியாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டால் இரண்டு வருஷ ஒப்பந்தம் உறுதி. இரண்டாம் சுற்று என்றால் கேம்ப்புக்குக் கூப்பிடுவார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் எங்களுக்கு நாலாவது முறை கிடைத்தது.

எங்கள் கோச் ரெங்கநாதன் செல்லூர்க்காரர். ஈஸ்வரியை ஒரு காலேஜ் மேட்சில் பார்த்தோம். ஆறடிக்கு மேல் உயரம். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே விழும் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இவள் அந்த இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பாள். திரும்பி வரும்போது வில்லாபுரம் வரைக்கும் கோச் அவள் பிடித்த பந்துகளையே விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "இந்தப் பிள்ளைய விட்டுறக் கூடாது மேடம்" என்றார்.

திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் அவள் ஊருக்குப் போனோம். அப்பா செல்லச்சாமி பருத்தி விவசாயி. கோச் விஷயத்தைச் சொன்னார். நாலாவது முறையில் ஈஸ்வரி மிச்சமிருந்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பதிலுக்கு அவள் வேறு அணிகளின் டிரையல்ஸுக்குப் போகக் கூடாது, இதை யாரிடமும் சொல்லவும் கூடாது. எழுத்தில் எதுவும் கிடையாது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பிராமிஸ். நீர்மேல் எழுத்து என்பது கொடுக்கிறவர் எல்லோருக்கும் தெரியும்.

2. தட்டு

செல்லச்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். வெற்றிலை பாக்கு, பழம் வைத்து இரண்டு தட்டுகளோடு வெளியே வந்தார்.

"இம்புட்டுப் பெரிய காரியத்த வாயால மட்டும் பேசிட்டுப் போகக் கூடாதுங்க சார். வெத்தல மாத்திக்கிருவோம்."

இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் கோச். தட்டு மாற்றினால் என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? கை நீளவே இல்லை. அப்போது ஈஸ்வரி கதவோரமாக நின்று கேட்டாள்.

"என்னைய விட நல்லா ஆடுறவுக அன்னைக்கு மிச்சமிருந்தா என்ன செய்வீக சார்?"

கோச் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒன்னையத்தான் எடுப்பேன்" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார்.

வாசல் கதவு திறந்தே கிடந்ததை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் ஊர் முழுக்க ஈஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து வெற்றிலை மாற்றிவிட்டுப் போனார்களாம். கோச் மாப்பிள்ளையின் அப்பா, நான் அம்மா. மாப்பிள்ளையே இல்லாமல் சம்பந்தியாகிவிட்டோம் என்று கோச்சைக் கேலி செய்தேன்.

ஆனால் பேச்சு திருமங்கலத்தோடு நிற்கவில்லை. டிரையல்ஸுக்கு அவள் வராததும் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொண்டன. கல்யாணம் என்றால் ஆட்டம் முடிந்தது என்று நினைப்பது நம் ஆட்களின் பழைய வியாதி. மற்ற அணிகள் ஒவ்வொன்றாக அவளைக் கழித்துக்கட்டின. காலேஜில் அவளை வளர்த்த பி.டி. சார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டு அவளுக்குப் போன் போட்டேன். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடேன் என்றேன்.

"கல்யாணம் இல்லேன்னா பின்ன எதுக்கு அவுக வந்தாகன்னு கேப்பாருக்கா. அதுனால ஒன்னும் சொல்லல" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்களை விட்டால் இந்தப் பிள்ளைக்கு இப்போது வேறு கதி இல்லை.

3. நாலாவது பெயர்

டிராஃப்ட் சென்னையில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. முதல் மூன்று அணிகளும் பந்தைக் கொண்டுபோகும் கார்டுகளையே தேடி எடுத்தன. இந்திய அணிக்கு ஆடிய ஒரு சென்டர், ஈஸ்வரி மாதிரியே ரிங்குக்கு அடியில் ஆடுகிறவள், முதல் ஆளாகப் போயிருக்க வேண்டியவள், அப்படியே மிச்சமிருந்தாள். ஈஸ்வரி அன்று கேட்டது அப்படியே எங்கள் மேஜை முன்னால் வந்து நின்றது.

எங்கள் அணி ஓனர் என் போனில் வந்தார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் ஆபத்து.

"அந்தக் கிராமத்துப் பொண்ண எல்லாரும் கழிச்சு விட்டாச்சு. அது எங்க போயிரும்? இவள இப்ப எடுங்க, அத அடுத்த சுத்துல எடுத்துக்கிருங்க. வாக்கும் தப்பாது."

போனைக் காதில் வைத்தபடியே கோச்சைப் பார்த்தேன். கோச் போனை வாங்கினார். "நாலாவதுன்னு சொல்லித்தான் தட்ட வாங்குனேன் சார்" என்றார். போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து ஈஸ்வரியின் பெயரைச் சொன்னார். ஹாலில் சிலர் சிரித்தார்கள். ஓனர் லைனைத் துண்டித்துவிட்டார். அடுத்த முறைக்காரர்கள் அந்த சென்டரை எடுத்துக்கொண்டார்கள்.

டீ இடைவேளையில் அந்த ஐந்தாவது அணியின் மேனேஜர் எங்களிடம் வந்தார். குத்திக்காட்டத்தான் வருகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாங்க போன வாரம் அவ வீட்டுக்குப் போனோம் மேடம். மாப்பிள்ளை பேர் என்னன்னு கேட்டா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. ஏதோ டீம் பேசி வச்சிருக்குன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அவங்க கைவிட்டா அஞ்சாவதா நாங்க எடுத்துக்கிறோம், எந்த டீம்னு மட்டும் சொல்லும்மான்னு கேட்டோம்."

"என்ன சொன்னா?"

"'அவுக விட மாட்டாகண்ணே, நீங்க வேற ஆளப் பாருங்க'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அப்படியும் மனசு கேக்காம இன்னைக்கு அவ பேரத்தான் சொல்லலாம்னு வந்தோம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டாம் சுற்று வரை அவள் இருந்திருக்க மாட்டாள் என்பது ஒரு பக்கம். ஆனால் சிலிர்த்தது அதற்காக இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்திருக்கும். பி.டி. சார் முகம் கொடுக்காத நிலையில், ஊரார் வாயில் விழுந்துகிடந்த நிலையில், அதை வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று திகைத்ததற்கு ஒரு வாரம் முன்னாலேயே, எங்களுக்காக அவள் பதில் சொல்லி முடித்துவிட்டாள்.

பிராமிஸ் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் தூங்கிவிடுவீர்கள். வாங்கிக்கொண்டவர் அந்த நேரத்தில் உங்களைப் பற்றி யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.