முதல் மழையை அளக்கப் புதுச்சேரி போனேன்

1979ஆம் ஆண்டு நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒருவரின் வேலை போயிற்று. அவர் சரியாக எடுத்த ஓர் அளவும் குப்பைக்குப் போயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து அவரைத் தேடிப் புதுச்சேரிக்குப் போய் வந்தேன். அந்தப் பயணத்தை எழுதுமுன் பொய்யை எழுதிவிட வேண்டும்.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் உதவி ஆய்வாளர். வயலில் போடும் யூரியா முழுவதும் பயிருக்குப் போவதில்லை. ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. அதற்கு நிறம் கிடையாது, வயலில் நிற்பவர் மூக்குக்கும் எட்டாது. ஆனால் பூமியின் சூட்டை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வல்லது. வெயிலில் காய்ந்து கிடக்கும் எங்கள் பக்கத்து நிலங்களிலிருந்து அது எவ்வளவு வருகிறது என்று அறியவே பிரான்ஸிலிருந்து ஓர் இயக்குநர் வந்திருந்தார். லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டில் ஒரு கம்பு வயலைப் பிடித்தோம்.

அடிப்பாகம் இல்லாத தகரப் பெட்டிகள் இரண்டை மண்ணில் அழுத்தி வைப்போம். மேலே ஒரு ரப்பர் மூடி. அதில் ஊசியைக் குத்தி உள்ளே சேர்ந்த காற்றை உறிஞ்சிக் கண்ணாடிக் குழாயில் அடைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை, ஆக மூன்று தடவை. குழாய்கள் விமானத்தில் பிரான்ஸுக்குப் போகும். இரண்டு மாதத்தில் எண்கள் வரும்.

செவ்வாயும் வெள்ளியும் நானே எடுக்க வேண்டும் என்பது விதி. வெயிலுக்குப் பயந்து அந்த வேலையையும் கருவி அறைச் சாவியையும் களப்பணியாளர் ஏழுமலையிடம் விட்டிருந்தேன். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது. ஏழுமலை, ஆட்குறைப்பில் வெளியே வந்த பஞ்சாலைத் தொழிலாளி. கடிகாரம் இல்லாதவர். மில் சங்கு, ஞாயிறு உட்பட எல்லா நாளும், காலையில் ஆறரைக்கு, ஏழுக்கு, ஏழரைக்கு என்று மூன்று முறை ஊதும். அதுவே அவருக்குப் போதும்.

அந்த ஆண்டு கோடையின் முதல் மழை ஒரு சனிக்கிழமை மாலையில் பெய்தது. மறுநாள் விடுமுறை. யாரும் சொல்லாமலே ஏழுமலை வயலுக்குப் போய் ஆறு குழாய்களை நிரப்பி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "மழ பேஞ்சாத்தான சார் மண்ணுலேர்ந்து வாசம் வருது? வாசம் வர்ற அன்னிக்கி வேற ஒண்ணும் வராதா?" என்றார். நான் சிரித்துவிட்டு மற்றக் குழாய்களோடு அவற்றையும் அனுப்பினேன்.

எண்கள் வந்தன. மற்ற நாட்களில் எல்லாம் ஒற்றை இலக்கம். அந்த ஆறும் மூன்று இலக்கம். இயக்குநர் எங்களைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் எடுத்தது, சாவி எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். உண்மையைச் சொன்னால் பதிவேடு முழுக்க நான் போட்ட பொய்க் கையெழுத்துகள் வெளிவரும். "என்னைக் கேட்காமல் சாவியை எடுத்திருக்கிறார். பீடி பிடித்துக்கொண்டே எடுத்ததால் புகை கலந்துவிட்டது" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. ஏழுமலைக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் 'பீடி' என்ற சொல் காதில் விழுந்துவிட்டது.

"பீடியா? சார், இருவது வருஷம் பஞ்சுல வேல செஞ்சவன் நான். மில்லு கேட்டுல மடியத் தடவி, தீப்பெட்டி இருந்தாலே வெளிய தள்ளிடுவான். பீடிய நான் தொட்டதே இல்லன்னு அவருகிட்ட சொல்லுங்க சார்!"

இயக்குநர் என்னைப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

ஏழுமலையை நீக்கினார்கள். 'களத்தில் பீடி புகைத்ததால் நீக்கப்பட்டார்' என்று அவருடைய பணிச் சான்றிதழை என் கையாலேயே எழுதினேன். ஆறு எண்களும் கழிக்கப்பட்டன. வறண்ட நிலத்தில் இந்த வாயு மிகக் குறைவு என்று அறிக்கை அச்சானது.

ஓய்வுபெற்றுத் திருச்சியில் மகன் வீட்டில் இருந்தபோது பழைய பெட்டியில் ஏழுமலையின் துண்டுச்சீட்டு கிடைத்தது. பென்சிலில் 'மொத சங்கு, ரெண்டாவது சங்கு, மூணாவது சங்கு' என்று எழுதி, எதிரே குழாய் எண்கள். அதே மாதம் நூலகத்தில் ஒரு வெளிநாட்டுக் கட்டுரை படித்தேன். காய்ந்த மண் முதன்முதலாக நனையும்போதுதான் உறங்கிய நுண்ணுயிர்கள் விழித்து இந்த வாயுவை ஒரேயடியாகக் கக்குகின்றன என்று அதில் இருந்தது. துண்டுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

1987 ஜூன், செவ்வாய். காலை 5.15. திருச்சியில் விழுப்புரம் பேருந்து ஏறினேன். ஏறத்தாழ 165 கிலோமீட்டர், பதினாறரை ரூபாய். வழியெங்கும் காய்ந்த வரப்புகள். பல இடங்களில் யூரியா மூட்டைகள் பிரிக்கப்படாமல் வயலோரம் காத்திருந்தன. வானம் கருத்ததும் உரத்தை வீசிவிட்டு மழைக்குக் கையெடுப்பது எங்கள் பக்கத்து மானாவாரி வழக்கம்.

காலை 10.40. விழுப்புரத்தில் வண்டி மாறினேன். நாற்பது கிலோமீட்டர், நான்கு ரூபாய். பக்கத்து இருக்கையில் பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். தேய்த்த சட்டை, பளபளக்கும் பூட்ஸ்.

"பாண்டியில என்ன ஜோலி முசே?" என்றார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

வாய்விட்டுச் சிரித்தார். "இந்த வண்டியில அம்பது பேரு இருக்கான். நாப்பத்தொம்பது பேரு குடிக்கப் போறான். நீரு ஒருத்தருதான் மன்னிப்புக் கேக்கப் போறீரு!" இறங்கும்போது என் பையை அவரே எடுத்துக் கொடுத்தார். "பான் குராஜ்" என்றார். தைரியமாகப் போ என்று பொருள்.

நண்பகல் 12.10. பேருந்து நிலையத்திலிருந்து முத்தியால்பேட்டைக்குச் சைக்கிள் ரிக்‌ஷா, மூன்று ரூபாய். ஏழுமலையின் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் காயப் போட்டிருந்தார்கள். குனிந்து நுழைந்து போனேன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி அஞ்சலை. பெயரைச் சொன்னேன்.

"ஓ, பீடி சாரா?" என்றார். "இன்னாங்க, இங்க வாங்க! ஒங்க பீடி சாரு வந்துருக்காரு!"

எட்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

ஏழுமலை வந்தார். தலை நரைத்திருந்தது, முதுகு நேராகவே இருந்தது. உட்காரச் சொன்னார். பொய்யை, மொழிபெயர்ப்பு உட்பட, எதையும் விடாமல் சொன்னேன். அஞ்சலைதான் பேசினார்.

"அந்தக் காயிதத்தால இன்னா ஆச்சு தெரியுமா சார்? அடுத்த வருஷமே மில்லுல பழைய ஆளுங்கள திரும்பக் கூப்ட்டாங்க. இவரும் போனாரு. கேட்டுல கடைசியா வேல செஞ்ச எடத்து சீட்டக் காட்டுன்னான். காட்டுனாரு. பீடி புடிக்கிறவன பஞ்சுக்குள்ள எவன் சார் வுடுவான்? இவரு கூட நின்ன அத்தினி பேரும் உள்ள போய்ட்டாங்க. இவரு மட்டும் திரும்பி வந்தாரு. இப்ப இங்க பாண்டி மேட்டுப்பாளையத்துல மூட்ட தூக்குறாரு."

இது எனக்குத் தெரியாது. ஒரு வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன்.

மன்னிப்பு என்ற சொல் அதற்குப் பிறகு வாயில் வரவில்லை. துண்டுச்சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். தன் எழுத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இத வச்சிருந்தீங்களா?"

"நீங்கள் எடுத்த அளவுதான் சரி. வெளிநாட்டிலும் இப்போது அப்படியே சொல்கிறார்கள்."

"அப்ப நான் எடுத்தது தப்பில்லையே?"

"இல்லை."

"இன்னொரு வாட்டி எடுத்துக் காட்டுவோமா சார்?" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதன், காலை 10 மணி. இருவருமாக ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். இப்போதைய தலைவர் ஒரு பெண்மணி. நான் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி எடுத்துப்போன வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். "இதைக் கோப்பில் வைத்தால் உங்கள் பெயர் கெடுமே?" என்றார். வைக்கச் சொன்னேன். அவர் ஏழுமலை பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேண்டும், ஐயா?" என்று கேட்டார்.

"பீடின்னு எழுதியிருக்கறத அடிக்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

புதுச் சான்றிதழ் தருவதாக ஒப்புக்கொண்டார். மறுபடி அளப்பதற்கும் சம்மதித்தார். பழைய பெட்டிகளை ஏழுமலைதான் கண்டுபிடித்தார். காவலாளி அவற்றைக் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்திருந்தார். "எட்டு வருஷமா எம்மேலயே குந்திகினு இருந்தியாப்பா?" என்று அவரை எழுப்பிவிட்டார். ஒருநாள் முழுக்கத் துருவைத் தேய்த்தோம்.

பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி விடுதி, நாளுக்கு இருபத்தைந்து ரூபாய். லாஸ்பேட்டை மேட்டில் பாதி, வீட்டு மனைக்கல் நட்ட இடமாகிவிட்டிருந்தது. மீதியில் புழுதியில் விதைத்த கம்பு மழைக்குக் காத்துக் கிடந்தது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே கருத்தது. நிலத்துக்காரர் முறத்தில் யூரியாவோடு ஓடி வந்து வீசினார். நாலரைக்குப் பெய்தது. செம்மண் வாசனை தெருவரை வந்தது.

ஞாயிறு, காலை 6.30. முதல் சங்கு. ஏழுமலை சேற்றில் மண்டியிட்டு ஊசியை ரப்பரில் இறக்கினார். தூறலுக்கு நான் குடை பிடித்தேன். வேறு எதையும் தொடவில்லை. மூட்டை தூக்கித் தடித்த விரல்கள்; ஆனால் ஊசியில் நடுக்கமே இல்லை. அறுந்த நூலை ஓடும் இயந்திரத்திலேயே முடிச்சிட்ட கை அது. ஏழு மணிக்கு இரண்டாம் சங்கு. ஏழரைக்கு மூன்றாவது. பிரான்ஸில் படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக மாதிரி எடுத்தவரைப் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவரோடு ஒரே வயலில் நின்றேன் என்று அன்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைக்கு எனக்கு உரிமை உண்டா என்று இன்றும் தெரியாது.

பதிவேட்டை நீட்டினேன். 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் கே. ஏழுமலை என்று நிறுத்தி எழுதினார்.

"சாட்சி போடுற எடத்துல நீங்க போடுங்க சார். இந்த வாட்டி நீங்க பக்கத்துலயே இருந்தீங்க இல்ல?"

போட்டேன். அன்று மதியமே ஊர் திரும்பினேன். எங்கள் வீட்டுப் பக்கம் காவிரி வாய்க்கால் ஓடுகிறது. மண் எப்போதும் ஈரம்தான். காய்ந்த மண்ணுக்கு முதல் மழை என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க முடியவில்லை.

அக்டோபரில் ஆய்வுக்கூடத் தலைவர் எழுதினார். ஆறு குழாய்களும் மறுபடி மூன்று இலக்கம். ஆண்டு முழுக்க அந்த வயல் விடும் வாயுவில் பெரும்பங்கு மழைக்குப் பிந்தைய சில நாட்களிலேயே வெளியேறுகிறதோ என்று இனித் தொடர்ந்து அளக்கப் போகிறார்களாம். பழைய அறிக்கைக்குத் திருத்தம் அச்சாகிவிட்டது. முதல் பக்கத்திலேயே மாதிரி எடுத்தவர் பெயர் இருக்கிறது. என் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது: சாட்சியாகவும், தவறு செய்தவனாகவும்.

தீபாவளிக்கு முன் ஏழுமலையிடமிருந்து ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. புதுச் சான்றிதழ் கிடைத்ததாம். இந்த வயதில் மில்லில் வேலை தரமாட்டார்கள் என்று தெரிந்தே அதை எடுத்துக்கொண்டு மில் வாசலுக்குப் போயிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"கேட்டுல இருந்தவன் காயிதத்த ரெண்டு தடவ படிச்சான். எல்லா தொழிலாளியயும் தடவுற மாதிரி என் சட்டப் பையி, வேட்டி மடிப்பு எல்லாத்தயும் தடவிப் பாத்தான். தீப்பெட்டியும் இல்ல, பீடியும் இல்ல. போன்னான். உள்ள போயி நான் ஓட்டுன மெஷினப் பாத்துட்டு, ரெண்டாவது சங்குக்கு வெளிய வந்துட்டேன்."